உங்களுக்குத் தெரியுமா? கேபிளுக்கு முன்பே வந்த தடை

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. வாரியத்தைச் சேர்ந்தவை. மாணவர்கள் பள்ளிக்குச் செல்போன் கொண்டுவரக் கூடாது என்று 2009 ஜூலையில் வாரியம் அனுப்பிய சுற்றறிக்கை, ஆகவே, இங்கும் பொருந்தியது. வகுப்பறையில் ஆசிரியர்களும் செல்போனைத் தொடக் கூடாது என்றது அந்தச் சுற்றறிக்கை. பலரும் வசதியாக மறந்துவிடும் பகுதி இது.

அந்தத் தடை வந்தபோது தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. ஒரு படம் திறக்கவே பொறுமை வேண்டும். சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. நீளும் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. போர்ட் பிளேர் மட்டுமல்ல, கார் நிக்கோபார், லிட்டில் அந்தமான் போன்ற தீவுகளும் அதில் இணைந்தன. கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக் கிடந்த காலம் அது. நாடெங்கும் பலருக்குப் பாடம் நடந்ததே தடைசெய்யப்பட்ட அந்தச் செல்போனில்தான்.

இத்தகைய தடை இங்கு மட்டுமல்ல: 2023இல் உலக அளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு நாடு பள்ளிகளில் செல்போனைச் சட்டத்தாலோ கொள்கையாலோ தடுத்திருந்தது என்றது யுனெஸ்கோவின் அந்த ஆண்டு அறிக்கை.