நாமே இணைக்கலாம் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரை நாமே அசெம்பிள் செய்ய முடியுமா? அதற்கு ஹார்டுவேர் படித்திருக்க வேண்டாமா? எதையாவது தப்பாகச் செருகிப் புகைந்துவிட்டால் என்ன செய்வது? பல ஆண்டுகள் இந்தப் பயத்தோடுதான் நானும் இருந்தேன். கடையில் பணத்தைக் கட்டிவிட்டு, அவர்கள் இணைத்துக் கொடுத்ததை அப்படியே பயன்படுத்தி வந்தேன். 2023 டிசம்பர் மழை அந்தப் பழக்கத்தை மாற்றியது.

அந்த மாதம் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. அணைகளிலிருந்து உபரி நீரும் சேர்ந்து வர, தாமிரபரணி கரை மீறித் திருநெல்வேலி சந்திப்புப் பகுதிக்குள் புகுந்தது. ஆற்றை ஒட்டிய எங்கள் வீட்டில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் நின்றது. மேஜைக்கு அடியில் தரையில் வைத்திருந்த சி.பி.யு. முழுதாக மூழ்கிவிட்டது. ஓய்வு பெற்ற தமிழாசிரியரான என் அப்பா ஆறு ஆண்டுகளாக டைப் செய்து வந்த எங்கள் வட்டாரச் சொற்களின் தொகுப்பு அதற்குள்தான் இருந்தது.

நனைந்ததை ஆன் செய்யாதீர்கள்

நான் செய்த முதல் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இரண்டு நாள் வெயிலில் காய வைத்து, வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து ஓட விட்டேன். டிக் டிக் என்று சத்தம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. தகடு சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் காற்று போய்வர ஒரு சிறிய துளை உண்டு. அதன் வழியே வெள்ள நீர் போனால் நுண்ணிய வண்டலும் கூடவே போகும். தகட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி ஒரு தூசியைக்கூடத் தாங்காது. காய வைத்தால் அழுக்கு தகட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். எனவே நனைந்த டிஸ்க்கைக் காய வைக்காமல், மின்சாரம் கொடுக்காமல், பிளாஸ்டிக் பையில் மூடி, டேட்டா மீட்டுத் தரும் நிபுணரிடம் கொடுப்பதே சரி. எங்களுக்கு மிஞ்சியது 2021ல் பென் டிரைவில் எடுத்து வைத்த ஒரு பிரதி மட்டுமே. அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டு உழைப்பு போய்விட்டது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன். ஆகவே அடுத்த கம்ப்யூட்டரை நானே இணைப்பது என்று முடிவு செய்தேன்.

வாங்கும் முன் பொருத்தம் பாருங்கள்

முன்பு இத்தகைய பாகங்களைத் தேடிச் சென்னை ரிச்சி தெருவுக்கு 600 கிலோ மீட்டர் பயணம் செய்தவர்கள் உண்டு. இப்போது நம் ஊர்க் கடைகளிலும் ஆன்லைனிலும் எல்லாம் கிடைக்கின்றன. அப்பாவின் டைப்பிங், இணையம், என் அலுவலக வேலை ஆகியவற்றுக்காக 2024ல் நான் தேர்ந்தெடுத்தவை இவை: ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி பிராசசர், பி550 சிப்செட் கொண்ட மைக்ரோ ஏ.டி.எக்ஸ். மதர்போர்டு, 8 ஜிபி டி.டி.ஆர்.4 ராம் இரண்டு, 500 ஜிபி என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி., 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்., கேபினட். இந்தப் பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதால் தனி கார்டு தேவைப்படவில்லை. மானிட்டர் நீங்கலாக முப்பத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. 2025ன் இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறியது. எனவே என் கணக்கை நம்பாமல், வாங்கும் நாளில் விலை விசாரித்துக்கொள்ளுங்கள்.

விலையைவிடப் பொருத்தம் முக்கியம். பிராசசருக்கும் மதர்போர்டுக்கும் சாக்கெட் ஒன்றாக இருக்க வேண்டும். 5600ஜி ஏ.எம்.4 சாக்கெட்டில் மட்டுமே அமரும். அதற்குப் பின் வந்த ஏ.எம்.5 போர்டில் அமராது. சாக்கெட் ஒத்துப்போனாலும், பழைய இருப்பாக உள்ள பி450 போர்டில் பயாஸ் பழையதாக இருந்தால் இந்தப் பிராசசரை அது அடையாளம் காணாது. மதர்போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் எந்தப் பிராசசருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு தேவை என்ற பட்டியல் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். டி.டி.ஆர்.4 போர்டில் டி.டி.ஆர்.5 ராம் செருகவே முடியாது. ஒரே 16 ஜிபி ராம் வாங்குவதைவிட 8 ஜிபி இரண்டு வாங்குவது இங்கே நல்லது. உள்ளிருக்கும் கிராபிக்ஸ் ராமையே பயன்படுத்துவதால் வேகம் கூடும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கஞ்சத்தனம் வேண்டாம். கேபினட்டோடு சேர்ந்து மலிவாக வருபவற்றில் ஒட்டியிருக்கும் வாட் எண்ணை அப்படியே நம்ப முடியாது. 80 பிளஸ் சான்று உள்ளதாகத் தனியே வாங்குங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

இணைக்கும் வரிசை

தேவையான கருவி, நல்ல ஸ்டார் ஸ்குரூ டிரைவர் ஒன்றுதான். மதர்போர்டைக் கேபினட்டில் வைக்கும் முன், அது வந்த அட்டைப் பெட்டியின் மீதே வைத்து முதல் மூன்று வேலைகளையும் முடித்துவிடலாம்.

1. பிராசசர்: சாக்கெட் ஓரத்திலுள்ள நெம்புகோலைத் தூக்குங்கள். பிராசசரின் ஒரு மூலையில் தங்க நிற முக்கோணம் இருக்கும்; சாக்கெட்டிலும் அதே குறி உண்டு. இரண்டையும் ஒத்து வைத்தால் பிராசசர் தானாக உள்ளே இறங்கும். அழுத்தக் கூடாது. இதன் பின்கள் பிராசசரின் அடியில் இருப்பதால் ஒன்று வளைந்தாலும் சிக்கல்தான். இன்டெல் பிராசசர் என்றால் பின்கள் சாக்கெட்டில் இருக்கும். அங்கே விரல் படக் கூடாது.

2. விசிறி: பிராசசரோடு வரும் கூலரின் அடியில் தெர்மல் பேஸ்ட் ஏற்கெனவே தடவப்பட்டிருக்கும். இந்தக் கூலர் நான்கு திருகுகளில் நிற்பது. அதற்காகப் போர்டிலுள்ள பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்றும்போது பின்புறத் தகடு கீழே விழுந்துவிடும். ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். திருகுகளைக் குறுக்கு மூலைகளாக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். விசிறியின் வயரை சி.பி.யு. ஃபேன் என்று குறித்த இடத்தில் செருகுங்கள்.

3. ராமும் எஸ்.எஸ்.டி.யும்: நான்கு ராம் இடங்கள் இருந்தால், பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். எம்.2 எஸ்.எஸ்.டி.யைச் சாய்வாக உள்ளே நுழைத்து, படியச் செய்து, சிறிய திருகால் இறுக்குங்கள்.

4. கேபினட்: பின்புறப் போர்ட்டுகளுக்கான தகட்டை முதலில் பொருத்துங்கள். நான் இதை மறந்து, எல்லாத் திருகுகளையும் மறுபடி கழற்றினேன். போர்டின் துளைகளுக்கு நேராக மட்டும் பித்தளைத் தாங்கிகள் இருக்க வேண்டும். தேவையில்லாத இடத்தில் ஒன்று இருந்தால் போர்டின் அடியில் உரசி ஷார்ட் ஆகலாம்.

5. மின் இணைப்பு: 24 பின் கொண்ட பெரிய பிளக், பிராசசர் அருகே 8 பின் பிளக், பிறகு கேபினட் முகப்பின் பவர் சுவிட்ச், ரீசெட், விளக்குகளுக்கான சிறிய வயர்கள். இந்தச் சிறிய வயர்களுக்கு மதர்போர்டு கையேட்டில் படம் உள்ளது. பார்த்தே செருகுங்கள்.

விசிறி சுற்றுகிறது, திரை வரவில்லை!

இரவு ஒன்பது மணிக்கு சுவிட்சைத் தட்டினேன். விசிறி சுற்றியது. மானிட்டரில் ஒன்றும் இல்லை. "என்னலே, ஓடுதா?" என்று அப்பா இரண்டு முறை கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். பிராசசர் போய்விட்டது என்றே நினைத்தேன்.

காலையில் கையேட்டைப் புரட்டினேன். போர்டின் ஓரத்தில் சி.பி.யு., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருந்தன. எங்கே தடை ஏற்படுகிறதோ அந்த விளக்கு எரியும். என் போர்டில் சி.பி.யு. விளக்கு எரிந்தது. 8 பின் பிளக்கை நான் செருகவே இல்லை! 24 பின் வழியே விசிறிக்கு மின்சாரம் போகும்; பிராசசருக்குப் போவது 8 பின் வழியேதான். செருகியதும் திரை வந்தது. அப்பாவை எழுப்பிக் காட்டினேன்.

டிராம் விளக்கு எரிந்தால் ராமைக் கழற்றி மறுபடி செருகுங்கள். வி.ஜி.ஏ. விளக்கு என்றால் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். அடுத்து விண்டோஸ் 10 போடலாமா என்று சிலர் கேட்பார்கள். அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ல் நின்றுவிட்டது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 தேவை, இந்தப் பிராசசரில் அது உள்ளடங்கியே இருக்கிறது. பயாஸில் எஃப்.டி.பி.எம். என்பதை இயக்கினால் போதும். லினக்ஸ் விரும்புவோர் அதையே போட்டுக்கொள்ளலாம்.

எர்த் இருக்கிறதா?

எல்லாம் முடிந்த மூன்றாம் நாள், சிமெண்ட் தரையில் செருப்பில்லாமல் நின்று கேபினட்டைத் தொட்ட அப்பா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். சுரீர் என்றிருந்ததாம். நான் எதையோ தப்பாக இணைத்துவிட்டேன் என்று பதறிப் போனேன். தவறு கம்ப்யூட்டரில் இல்லை.

எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட, பேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் எர்த்துக்கு ஒவ்வொரு சிறிய கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். எர்த் சரியாக இருந்தால் அதில் கசியும் மிகச் சிறு மின்சாரம் பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட்டின் உலோகம் 230 வோல்ட்டின் பாதியளவில் நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு போகிறது. ஆனால் உள்ளே வேறு பழுது ஏற்பட்டால் அதே தகடு உயிரைப் பறிக்கக்கூடும்.

எலக்ட்ரீஷியன் வந்து மல்டிமீட்டர் வைத்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். எங்கள் வீட்டில் 70க்குப் பக்கத்தில் காட்டியது. சுவரில் மூன்று துளை பிளக் இருந்தும், பின்கட்டில் வெள்ள வண்டல் மூடிய எர்த் குழியில் கம்பி அரித்துத் துண்டாகியிருந்தது. கரியும் உப்பும் போட்டுப் புதுக் குழி எடுத்த பிறகு அந்த உறுத்தல் இல்லை. தண்ணீர் ஏறிய வீடுகளிலும் பழைய வீடுகளிலும் இருப்பவர்கள், கம்ப்யூட்டர் வாங்கும் முன்பே இதைச் சோதித்துவிடுங்கள். பழக்கமில்லாதவர்கள் தாங்களே மீட்டர் வைக்க வேண்டாம்.

மின்வெட்டுக்கு 600 வி.ஏ. யு.பி.எஸ். இந்தக் கம்ப்யூட்டருக்குப் போதுமானது; வேலையைச் சேமித்து நிறுத்த நேரம் கிடைக்கும். சித்திரை, வைகாசி இடியின் போதும் ஐப்பசி, கார்த்திகை மழையின் போதும் யு.பி.எஸ். இருக்கிறதே என்று சும்மா இருக்காதீர்கள். பவர் பிளக்கோடு, மோடத்திலிருந்து வரும் நெட்வொர்க் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மின்னலின் பாதிப்பு அந்த வழியாகவும் வரும்.

மேலே ஒரு பிரதி

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும்போது உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டு போய்விடுவார்கள். நம் ஃபைல்களுக்கும் அப்படி ஒரு மேலக்கோயில் வேண்டும். இப்போது அப்பாவின் தொகுப்பு கம்ப்யூட்டரில் ஒன்று, மச்சு பீரோவிலுள்ள எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என மூன்று பிரதிகளாக இருக்கிறது. சி.பி.யு.வும் தரையில் இல்லை. மேஜை மேல் ஏறிவிட்டது. தொலைந்த இரண்டு ஆண்டுச் சொற்களை அப்பா நினைவிலிருந்து மறுபடி டைப் செய்து வருகிறார். 'ப' வரிசை வரை வந்திருக்கிறார்.

எனக்கு முதல் முறை ஒரு பகலும் ஓர் இரவும் ஆயின. அடுத்து தங்கை வீட்டுக்கு இணைத்தபோது மூன்று மணி நேரம்தான். கடையில் வாங்குவதைவிடப் பெரிய தொகை மிச்சமாகவில்லை. ஆனால் சென்ற மாதம் திரை வராமல் நின்றபோது, யாரையும் கூப்பிடாமல் விளக்கைப் பார்த்து, ராமைக் கழற்றிச் செருகி ஐந்து நிமிடத்தில் சரி செய்தேன். நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கிப் பாருங்கள். 8 பின் பிளக்கை மட்டும் மறந்துவிடாதீர்கள்.