ஜெயித்தவர் ஏன் அழுகிறார்?

மரக்காணத்துப் பிள்ளைகளுக்குக் கடல்நீரின் உப்பைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக் கடந்துபோகும் அந்த வெள்ளைக் குவியல்களின் ஊர்க்காரர்கள் நீங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கும். பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் பத்தில் ஒரு பங்காகச் சுண்டவிட்ட பிறகுதான் நாம் குழம்புக்குப் போடுகிற உப்பு படியத் தொடங்கும்.

சரி, உங்கள் கண்ணீரில் எவ்வளவு உப்பு? லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம். நம் இரத்தத்தின் உப்பும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மருத்துவமனையில் கையில் ஊசி வழியே ஏற்றுகிறார்களே, அந்தச் சலைன் நீரையும் அந்தக் கணக்கில்தான் தயாரிக்கிறார்கள். கடலில் இருப்பதில் நாலில் ஒரு பங்கு. அந்த உப்புநீர், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டி முதலிடம் பிடித்த ஒருவரின் கன்னத்தில் வழிகிறது. கீழே விழுந்து முட்டி பெயர்ந்தவர் அழுதால் நமக்குப் புரிகிறது. ஜெயித்தவர் ஏன் அழவேண்டும்? இந்த மாதம் அதைத்தான் பேசப்போகிறோம்.

2025 ஜனவரி 12 அன்று துபாயில் 24 மணி நேரக் கார்ப் பந்தயம் ஒன்று முடிந்தது. நடிகர் அஜித் குமாரின் அணி 992 என்ற பிரிவில் மூன்றாவதாக வந்தது. சில நாட்களுக்கு முன்புதான் அதே ஓடுதளத்தில் பயிற்சியின்போது அவர் ஓட்டிய கார் தடுப்பில் மோதிச் சுழன்றிருந்தது. நல்லவேளையாக அவருக்குக் காயமில்லை. பந்தயம் முடிந்ததும் அவர் மூவர்ணக் கொடியோடு வந்ததையும், குடும்பத்தாரைக் கட்டிக்கொண்டதையும் உங்களில் பலர் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். அந்த வீடியோ மறுபடி கிடைத்தால் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒரு சொல்லும் காதில் விழாமலே அது மகிழ்ச்சி என்று தெரியும். எதை வைத்துத் தெரிகிறது?

முகத்தை வைத்து என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் ரேஸ் ஓட்டுநர் காரை நிறுத்தும்போது அவர் முகமே நமக்குத் தெரியாது. தலையில் ஹெல்மெட். அதற்குள்ளே தீப்பிடிக்காத துணியில் முகமூடி. கண்ணுக்கு முன்னால் நிறம் பூசிய தடுப்பு. அப்படி இருந்தும், அவர் காரின் மேலேறி நின்று இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்துகிற நொடியிலேயே நமக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது.

ஹில்லெல் அவியேசர் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய நண்பர்களும் 2012-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். டென்னிஸ் வீரர்கள் ஒரு புள்ளியை வென்ற கணத்திலும் இழந்த கணத்திலும் எடுத்த படங்களைச் சேகரித்தார்கள். சிலருக்கு முகத்தை மட்டும் வெட்டிக் காட்டினார்கள். வென்றவர் யார், தோற்றவர் யார் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை! முகத்தை மறைத்து உடலை மட்டும் காட்டியபோது சரியாகச் சொன்னார்கள். இன்னொரு வேடிக்கையும் நடந்தது. முழுப் படத்தையும் பார்த்தவர்கள், “முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்” என்று நம்பினார்கள். உண்மையில் துப்புக் கொடுத்தது உடல். உணர்ச்சி உச்சத்துக்குப் போகும்போது சிரிப்பு முகமும் அழுகை முகமும் அவ்வளவு நெருங்கிவிடுகின்றன.

கையை உயர்த்தும் பழக்கத்தை நாம் ஒருவரையொருவர் பார்த்துக் கற்றுக்கொண்டோமா? தொலைக்காட்சியில் வீரர்களைப் பார்த்துப் பிள்ளைகள் செய்வது போலவா? இந்தக் கேள்விக்கு ஜெஸிக்கா ட்ரேஸி, டேவிட் மட்சுமோட்டோ என்ற ஆய்வாளர்கள் இருவர் 2008-இல் அருமையான ஒரு விடை தந்தார்கள். 2004-ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலும் பாராலிம்பிக்கிலும் மோதிய ஜூடோ வீரர்களின் படங்களை எடுத்துக்கொண்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட நாட்டினர். அவர்களில் பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களும் இருந்தார்கள். வாழ்க்கையில் ஒரு வெற்றிவீரரைக்கூடக் கண்ணால் பார்த்திராத அவர்களும், ஜெயித்ததும் கையை உயர்த்தி, மார்பை விரித்து, தலையைப் பின்னால் சாய்த்தார்கள். பார்த்துக் கற்க வழியே இல்லாதபோது இது எங்கிருந்து வந்தது? மனித உடலோடு பிறந்து வந்தது என்பதுதான் அவர்கள் கண்ட விடை. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகளில் இது ஒன்று.

இனி கண்ணீருக்கு வருவோம். அதற்குமுன் பந்தயம் நடக்கும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபார்முலா 1 பந்தயம் ஒன்றரை மணி நேரம் போல நடக்கும். அவ்வளவு நேரமும் ஓட்டுநரின் இதயம் நிமிடத்துக்கு 160, 170 முறை துடிக்கிறது. வகுப்பில் சும்மா உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு 80, 90 இருக்கும். முழு வேகத்தில் பிரேக் அழுத்தினால், உடலின் எடையைப் போல் ஐந்து மடங்கு விசை முன்னால் இழுக்கிறது. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறேழு கிலோ என்றால், கழுத்து அந்த நொடியில் 30 கிலோவுக்கு மேல் தாங்கவேண்டும். வெப்ப நாட்டில் நடக்கும் பந்தயத்தில் வியர்வையிலேயே இரண்டு மூன்று கிலோ குறைந்துவிடும்.

சித்திரை வெயிலில் உப்பு வாருகிறவர்களின் உடலும் இதே வேலையைத்தான் செய்கிறது. மேலிருந்து வெயில் அடிக்கிறது, கீழே பாத்தியின் வெள்ளை அதே வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, வியர்வையோடு உப்பும் போகிறது. ஓட்டுநருக்கு ஹெல்மெட்டுக்குள்ளேயே குழாய் வழியாகக் குடிநீர் வருகிறது. உப்பளத்தில் அந்த ஏற்பாடும் கிடையாது, ஒன்றரை மணி நேரத்தில் கொடி அசைத்து வேலையை முடித்துவைப்பவரும் கிடையாது. உங்கள் வீட்டிலிருந்து யாராவது அளத்துக்குப் போகிறார்கள் என்றால், தண்ணீர் எடுத்துப் போனார்களா என்று தினமும் கேளுங்கள்.

இந்த ஓட்டத்தையெல்லாம் நடத்துவது பரிவு நரம்புகள். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ் அவற்றை முடுக்கிவிடுகிறது. சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. கண்மணி விரிகிறது, மூச்சு வேகமாகிறது, தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது. இதற்கு எதிர்வேலை செய்ய இன்னொரு கூட்டம் இருக்கிறது: எதிர்ப்பரிவு நரம்புகள். உடலை அமைதிப்படுத்துவதும், சாப்பிட்டதைச் செரிக்கவைப்பதும் அவற்றின் பொறுப்பு. கண்ணீர்ச் சுரப்பிக்கு ஆணை கொடுப்பதும் பெரும்பாலும் அவைதான். அந்தச் சுரப்பி ஒவ்வொரு கண்ணுக்கும் மேலே, வெளி ஓரத்தில், பாதாம்பருப்பு அளவில் இருக்கிறது.

இப்போது சேர்த்துப் பாருங்கள். உப்பு முற்றுகிறவரை பாத்தியின் மடையை யாரும் திறந்துவிடுவதில்லை அல்லவா? ஓட்டுநரின் உடலும் பந்தயம் முழுக்க அப்படித்தான் மடையை அடைத்துப் பிடித்திருக்கிறது. பயம் வரலாம், ஆசை வரலாம், வீட்டு நினைவு வரலாம். எதற்கும் அப்போது இடம் கொடுக்க முடியாது. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி அசைந்ததும், இனி ஆபத்தில்லை என்று மூளைக்குத் தெரிகிறது. பரிவு நரம்புகளின் பிடி தளர்கிறது, எதிர்ப்பரிவு நரம்புகளின் கை ஓங்குகிறது. அடைத்து வைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வருகிறது. மகிழ்ச்சிக்கு ஒரு சுரப்பி, துக்கத்துக்கு ஒரு சுரப்பி என்று உடலில் தனித்தனியாக இல்லை. இரண்டுக்கும் ஒரே வழிதான்.

மடை கொஞ்சம் முன்னதாகத் திறந்துகொண்டால் என்ன ஆகும்? 2024 மே 26 அன்று மொனாக்கோவில் அது நடந்தது. ஃபார்முலா 1 ஓட்டுநர் சார்ல் லெக்லெர் அந்தச் சின்னஞ்சிறு நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். அங்கே பந்தயம் நடப்பது அவர் சிறுவயதில் நடந்து திரிந்த தெருக்களில். 2021-இலும் 2022-இலும் முதல் இடத்திலிருந்து புறப்படும் வாய்ப்பைப் பெற்றும் வெற்றி கைகூடவில்லை. அவர் ரேஸ் ஓட்டுநராகவேண்டும் என்று கனவு கண்ட அப்பா 2017-இல் இறந்துபோனார். 2024-இல் முதல் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தவருக்கு, முடிய இரண்டே சுற்று இருக்கும்போது அப்பாவின் நினைவு வந்துவிட்டது. சுரங்கப்பாதையிலிருந்து வெளியே வரும்போது கண்ணில் நீர் நிறைந்து பாதை சரியாகத் தெரியவில்லை என்று பின்னால் அவரே சொன்னார். கண்ணீர் ஒளியை வளைத்துப் பிம்பத்தைக் கலைத்துவிடும். ஹெல்மெட்டுக்குள் கைவிட்டுத் துடைக்கவும் முடியாது. மனதை இழுத்துப் பிடித்து ஓட்டி முடித்தார், வென்றார். பந்தயத்துக்கு நடுவில் உடல் ஏன் அழுகையை ஒத்திப்போடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

பிரேசில்காரர் அயர்ட்டன் சென்னாவின் கதை வேறு மாதிரி. 1984 முதல் ஃபார்முலா 1-இல் ஓட்டியும் சொந்த நாட்டில் அவர் ஜெயித்ததில்லை. 1991 மார்ச் 24 அன்று சாவ் பாவ்லோவில் அவர் முன்னணியில் இருந்தபோது கியர்கள் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் ஆறாவது கியரில் மட்டும் கார் ஓடியது. மெதுவான வளைவிலும் அதே கியர்தான். தோளிலும் கையிலும் தசைகள் பிடித்துக்கொண்டன. கொடியைத் தாண்டியதும் வானொலியில் அவர் போட்ட கூச்சல் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. அது வலியா, களிப்பா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. காரிலிருந்து அவரைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. மேடையில் கோப்பையை உயர்த்தவே பெரும்பாடு பட்டார்.

அதே சென்னாவின் 41 வெற்றிகள் என்ற எண்ணிக்கையை மைக்கேல் ஷூமாக்கர் 2000 செப்டம்பரில் இத்தாலியின் மான்ஸாவில் தொட்டார். சென்னா அப்போது உயிரோடு இல்லை. 1994-இல் பந்தய விபத்தில் இறந்திருந்தார். செய்தியாளர் கூட்டத்தில் அந்த எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டதும் ஷூமாக்கருக்குத் தொண்டை அடைத்தது, தலையைக் குனிந்துகொண்டு அழுதார். பக்கத்தில் இருந்தவர் அவருடைய போட்டியாளர் மிக்கா ஹக்கினென். தோளில் கைபோட்டுத் தேற்றினார் அவர். தொண்டை ஏன் அடைக்கிறது? உணர்ச்சி பொங்கும்போது நிறையக் காற்று வேண்டும் என்று குரல்வளையின் வாயிலைத் தசைகள் விரித்துப் பிடிக்கின்றன. எச்சிலை விழுங்கவோ அது மூடவேண்டும். இந்த இழுபறியைத்தான் நாம் தொண்டையில் ஏதோ சிக்கிய மாதிரி உணர்கிறோம். மூக்கு ஒழுகுவதற்கும் காரணம் உண்டு. இமைகளின் உள்மூலையில் இருக்கும் சிறு துளைகள் வழியாகக் கண்ணீரில் ஒரு பகுதி மூக்குக்குள் வடிகிறது.

“ஆம்பளப் பிள்ளை அழலாமா?” என்று உங்கள் தெருவில் யாராவது கேட்டால், ஏழு முறை உலகப் பட்டம் வென்ற ஷூமாக்கர் அழுததைச் சொல்லுங்கள். கண்ணீர்ச் சுரப்பி எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஜெயித்தவரெல்லாம் அழுதுவிடுவதும் இல்லை. நம் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர். 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் அவர் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் எடுத்தார். அது ஒரு விசித்திரமான பந்தயம். ஒரு நிறுவனத்தின் டயர்கள் அந்த ஓடுதளத்தின் வளைவைத் தாங்காது என்று தெரிந்ததால், புறப்படும் முன்பே 14 கார்கள் விலகிவிட்டன. ஓடியவை ஆறே ஆறு. பார்வையாளர்கள் கோபத்தில் கூச்சலிட்டார்கள். முதலாவதாக வந்த ஷூமாக்கரும், இரண்டாவதாக வந்த ரூபென்ஸ் பாரிக்கெல்லோவும் மேடையில் கொண்டாடவே இல்லை. மூன்றாவதாக வந்தவர் கார்த்திகேயனின் அணித்தோழர், போர்ச்சுகல்காரர் தியாகோ மொந்தெய்ரோ. அவர் மட்டும் தனியாக நின்று ஷாம்பெயினைப் பீய்ச்சிக் குதூகலித்தார். அந்த மேடையில் ஏறுவது அவருக்கு அதுதான் முதல் முறை.

முதல் பரிசுக்காரர் வாடி நிற்க, மூன்றாம் பரிசுக்காரர் துள்ளுகிறார். மூளைக்கு இதில் வியப்பே இல்லை. வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்ற அறிவியலாளர் 1990-களில் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு வந்தால் அந்தச் செல்கள் படபடவென்று இயங்கின. வரும் என்று முன்பே தெரிந்திருந்தால், வந்தபோது பெரிய சலனம் இல்லை. வரும் என்று காத்திருந்து வராமல் போனால் வழக்கத்தைவிடவும் அடங்கிப்போயின. கிடைத்தது எவ்வளவு என்பதைவிட, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தையே மூளை அதிகம் கவனிக்கிறது. துபாயில் மூன்றாம் இடத்துக்கு அவ்வளவு கொண்டாட்டம் ஏன் என்று இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும். நொறுங்கிய காரைப் பார்த்த அணி அது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்திலிருந்து பத்துப் படங்களைச் சேருங்கள். ஐந்து ஜெயித்தவர்கள், ஐந்து தோற்றவர்கள். கபடி, கிரிக்கெட், கார்ப் பந்தயம், எதுவானாலும் சரி. கோப்பையும் பதக்கமும் கண்ணில் படக்கூடாது. முதலில் ஒரு தாளில் ஓட்டை போட்டு முகம் மட்டும் தெரியும்படி வைத்து ஐந்து நண்பர்களிடம் கேளுங்கள். பிறகு வேறு ஐந்து பேரிடம், முகத்தை மறைத்து உடலை மட்டும் காட்டிக் கேளுங்கள். முதல் ஐவரிடமே இரண்டாம் முறையும் கேட்கக்கூடாது, அவர்களுக்குப் படம் நினைவிருக்கும். யார் எத்தனை சரியாகச் சொன்னார்கள் என்று நோட்டில் இரண்டு பத்தியாக எழுதிக் கூட்டிப் பாருங்கள். அவியேசருக்குக் கிடைத்த விடையே உங்களுக்கும் கிடைக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. வேறு விடை வந்தால் அந்தப் படங்களை எடுத்துவைத்து, எந்த முகம் காட்டிக்கொடுத்தது, ஏன் என்று பாருங்கள்.