மூசையில் எழும் புகை

உலோகம் உருக்கும் மூசை ஒன்று, ஒரு இரும்புக் கம்பி, சின்ன மருந்து பாட்டிலில் கால்வாசி பாதரசம். பாதரசத்தைத் தங்கமாக்குகிறேன் என்று வந்த ஆள் கொண்டுவந்தது இவ்வளவுதான். எங்கள் உறவினர் வீட்டுச் சமையலறையில், யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தினார்கள். மூசையை அடுப்பில் ஏற்றி, பச்சிலைச் சாறு என்று எதையோ ஊற்றிக் கம்பியால் கிளறினார். பாதரசம் கொதித்து அடங்கியபோது அடியில் மஞ்சளாகக் குன்றிமணி அளவு ஒன்று மின்னியது. நகைக்கடையில் உரசிப் பார்த்தார்கள். தங்கமேதான். பெரிய அளவில் செய்ய மூலிகை வாங்க வேண்டும் என்று மூன்று லட்சம் வாங்கிக்கொண்டு போனவர் திரும்பவே இல்லை.

பணம் போனதை வீட்டில் மெல்ல மெல்லப் பேசினார்கள். புகையைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்று இரவே சித்திக்கு இருமல், மூச்சுத்திணறல். டாக்டரிடம் "வீடு ஒட்டடை அடித்தோம், தூசி" என்று சொன்னார்கள். அவரும் ஆஸ்துமாவுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்.

மூசையில் தங்கம் காட்டுவது பழைய வித்தை. 1722லேயே பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஜோஃப்ருவா என்ற வேதியியலாளர் ரசவாதிகளின் தந்திரங்களை அக்குவேறு ஆணிவேறாக எழுதிக் கொடுத்திருக்கிறார். கம்பி உள்ளே குழலாக இருக்கும். அதில் தங்கத்தூளைப் போட்டு முனையை மெழுகால் அடைத்திருப்பார்கள். சூட்டில் மெழுகு உருகும், தூள் மூசையில் இறங்கும். சில மூசைகளுக்கு இரட்டை அடி உண்டு. பாதரச அணுக்கருவில் 80 புரோட்டான், தங்கத்தில் 79. அந்த ஒன்றைக் குறைக்க எந்தப் பச்சிலையாலும் அடுப்புத் தீயாலும் ஆகாது. தீயின் வேகம் அணுக்கரு வரைக்கும் போவதே இல்லை.

இதே வித்தைக்கு இன்னொரு வேஷம் சிவப்பு பாதரசம். 2009இல் சவூதி அரேபியாவில், பழைய சிங்கர் தையல் மெஷினில் அது இருக்கிறது என்று வதந்தி கிளம்பி, ஓட்டை மெஷின்களுக்கெல்லாம் ஆயிரக்கணக்கில் ரியால் கொடுத்தார்கள். நம்மூரில் பழைய டிவி, வால்வு ரேடியோ. கோடிக்கு விற்கும் என்று சொல்லப்படும் அப்படியொரு பொருள் உலகில் எங்குமே இல்லை.

பாதரசத்தின் விஷம் மட்டும் நிஜம். அது கொதிப்பது 357 டிகிரி செல்சியஸில் என்றாலும், சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகிக்கொண்டிருக்கும். அந்த ஆவிக்கு நிறமில்லை, வாடையில்லை. மூச்சில் போகும் ஆவியில் சுமார் 80 சதவீதம் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும். சூடாக்கினால் சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகி, மூச்சு வாங்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், ஈறு வீக்கம், மறதி. தரையில் தவழும் குழந்தைக்கும் வயிற்றில் வளரும் சிசுவுக்கும் ஆபத்து அதிகம்.

ரசமணியை, அதாவது கட்டி உருட்டிய பாதரசத்தை, பாலில் ஊறவைத்துக் குடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டினாலும் அது பாதரசம்தான். வேண்டாம். சர்க்கரை நோய் தீரும் என்று ரசமணியை மந்திரத் தாயத்தாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் தண்டிக்கிறது. மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். ரசம் சேர்ந்த சித்த மருந்து தேவைப்பட்டால், பதிவு பெற்ற சித்த மருத்துவர் எழுதித்தர, உரிம எண் உள்ள பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் சிந்திவிட்டால் விளக்குமாற்றைத் தொடாதீர்கள். ஒரு துளி நூறு துளியாகும். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஃபேன், ஏசியை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் துளிகளை ஒன்றுசேர்த்து, மூடி இறுகும் பாட்டிலில் போடுங்கள். நுண்துளிகளை ஒட்டும் டேப்பால் எடுக்கலாம். சாக்கடையில் ஊற்றக் கூடாது. பாதரசம் கொதித்த பாத்திரத்தில் மறுபடி சமைக்கவே கூடாது.

பணத்துக்கு வருவோம். புகார் கொடுக்கப் போனால் நம்மையே உள்ளே வைத்துவிடுவார்கள் என்ற பயம்தான் இந்தக் கும்பலின் மூலதனம். தங்கத்துக்கு ஆசைப்பட்டது குற்றமல்ல. ஏமாற்றிப் பணம் பறித்ததுதான் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. எஃப்ஐஆர் நகல் இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. புகாரை வாங்க மறுத்தால் தபாலில் எஸ்பிக்கு, அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டுக்கு. ஜிபே, வங்கி வழியாகப் பணம் போயிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. கம்பி, மூசை, பாட்டில் எதையும் வெட்கப்பட்டுத் தூக்கி எறிய வேண்டாம். காற்றுப் புகாமல் மூடி வெளியே வையுங்கள். அவைதான் சாட்சி.

ஆனால் ஸ்டேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரி. மூச்சு வாங்கினால் 108. எய்ம்ஸ் விஷ முறிவு தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. ரத்தம், சிறுநீரில் பாதரச அளவைப் பார்க்க முடியும், உடம்பிலிருந்து வெளியேற்ற மருந்தும் உண்டு. டாக்டருக்குத் தெரிந்தால்தான் அந்த மருந்து. எனவே தூசி என்று சொல்லாதீர்கள். "பாதரசத்தைச் சூடாக்கினோம்" என்று சொல்லுங்கள்.