சமதளத்தில் ஐம்பது கஜம்

மாவுக்கட்டைப் பிரிக்கும் நாளில் குடும்பத்தார் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எலும்பு கூடிவிட்டதா?" கூடிவிட்டது என்று எக்ஸ்-ரே காட்டினால் நிம்மதியோடு ஊர் திரும்புகிறார்கள். அந்தப் படம் எலும்பை மட்டுமே காட்டும். வாரக்கணக்கில் அசையாமல் கிடந்த தசை இளைத்திருப்பதையும் மூட்டு இறுகியிருப்பதையும் அது காட்டாது. மாசி, பங்குனியில் புளி உலுக்க மரமேறித் தவறி விழுந்த ஜவ்வாது மலைக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். சாமைக் கொல்லைக்கு ஏறிப்போய், மாலையில் சுமையோடு இறங்கி வரும்போதுதான் தம் கால் தேறிவிட்டதென்று அவர் ஒப்புக்கொள்வார்.

மறுவாழ்வுச் சிகிச்சையின் பயனை அளக்கப் பல நாடுகளில் கையாளப்படும் அட்டவணைகளுள் ஒன்று பார்த்தெல் குறியீடு. புளோரன்ஸ் மஹோனி, டோரதியா பார்த்தெல் ஆகிய இருவரும் 1965இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநில மருத்துவ இதழில் இதை வெளியிட்டனர். உண்ணுதல், குளித்தல், உடுத்துதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் எனப் பத்துச் செயல்கள்; மொத்தம் 100 மதிப்பெண். நடைக்குரிய 15 மதிப்பெண்ணையும் பெற, பிறர் துணையின்றிச் சமதளத்தில் 50 கஜம், அதாவது சுமார் 45 மீட்டர், நடக்க வேண்டும். மலையூர்களில் அவ்வளவு நீளச் சமதளத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்! குந்தி உட்கார்வதும் தரையிலிருந்து எழுவதும் தனிச் செயல்களாக அப்பட்டியலில் இல்லை. அட்டவணையைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. மருத்துவர்கள் தமக்குள் பேசிக்கொள்ள அது நல்ல மொழி. வீட்டாருக்கு வேறோர் அளவுகோலும் வேண்டும்.

அந்த அட்டவணையில் முழு மதிப்பெண் பெற்றிருக்க முடியாத ஒருவரே நம் பகுதியில் மறுவாழ்வு மருத்துவத்தை வேரூன்றச் செய்தார். கேரளத்தில் பிறந்து, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டார். இடுப்புக்குக் கீழ் இயக்கம் திரும்பவில்லை. ஆயினும் டாக்டர் பால் பிராண்டின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்யலானார். பின்னர் நியூயார்க் சென்று, டாக்டர் ஹோவர்டு ரஸ்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1963இல் வேலூரில் அதற்கென ஒரு துறை அவர் தலைமையில் தொடங்கியது. 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சக்கர நாற்காலியில் தானே இயங்குவோருக்குப் பார்த்தெல் அட்டவணை நடைக்கென 5 மதிப்பெண் தருகிறது. படியேற இயலாவிட்டால் அதற்கு ஒன்றுமில்லை. ஆகவே தண்டுவடக் காயமுற்றவரின் குடும்பத்தார் "எப்போது நடப்பார்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். இன்று யாருடைய கையையும் பற்றாமல் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறினாரா என்றும் கேளுங்கள். தோளும் கையும் வலுப்பெற்றதன் விடை அதில் இருக்கும்.

கால் முறிவுக்கு வருவோம். சமதளத்தில் நடக்க முழங்கால் ஏறத்தாழ 60 முதல் 70 பாகை மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து எழுவதற்கு 90 பாகை அளவில் வேண்டும். குந்தி உட்கார 120 பாகையும் போதாது. ஏற்றத்தில் கணுக்கால் மேல்நோக்கி நன்கு மடங்க வேண்டும். இறக்கம் இன்னும் கடினம்: தொடையின் முன்தசை உடலின் எடையைத் தாங்கியபடியே சிறிது சிறிதாக நீண்டுகொடுக்க வேண்டும். ஏறிவிட்டவர் இறங்கும்போது முழங்கால் மடங்கித் தடுமாறுவது இதனால்தான். மருத்துவமனையின் வழவழப்பான நடைபாதையில் நன்றாக நடந்தவர் ஊரில் தடுமாறினால், சிகிச்சை வீணாயிற்று என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பயிற்சி இன்னும் மீதமிருக்கிறது.

வீட்டில் எப்படி மதிப்பிடுவது? நோயாளி திரும்பச் செய்ய விரும்பும் ஒரு வேலையை அவரே சொல்லட்டும். வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், அதைச் செய்து பார்த்துக் குறித்துவையுங்கள்: எவ்வளவு தூரம், எத்தனை முறை நின்றார், நீங்கள் எத்தனை முறை கைகொடுத்தீர்கள். கடைசிக் கணக்கை யாரும் எழுதுவதில்லை. எனக்கோ அதுவே முதன்மையாகப் படுகிறது. அன்பின் மிகுதியால் மனைவியோ மகளோ முந்திக்கொண்டு தாங்கிவிட்டால், தசைக்கு வேலையே இராது. சென்ற வாரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். அடுத்த கட்டில்காரரின் முறிவு வேறு, வயது வேறு.

பயிற்சியின்போது சிறிது வலிப்பது இயல்பு. சற்று ஓய்ந்ததும் அடங்கிவிட்டால் அஞ்ச வேண்டாம். மறுநாள் காலையிலும் வலியோ வீக்கமோ கூடியிருந்தால் அளவு மிகுந்துவிட்டது. குறைத்துக்கொண்டு இயன்முறை மருத்துவரிடம் கூறுங்கள். கெண்டைக்கால் வலியோடு வீங்கினாலும், காய்ச்சல் கண்டாலும், புதிதாக மரத்துப்போனாலும், மூச்சுத் திணறினாலும் அடுத்த முறை வரும்வரை காத்திராமல் உடனே வாருங்கள்.

ஊருக்குப் புறப்படுமுன் இன்னொன்று. உங்கள் வீடு மலையில் இருக்கிறது, நாங்கள் குந்தித்தான் வேலை செய்வோம் என்பதை இயன்முறை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்டால்தான் அவர் படிக்கட்டிலும் சரிவிலும் பழக்குவார். கைத்தடி நல்ல காலின் பக்கத்துக் கையில் இருக்கட்டும். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கைத்தடியும் அடிபட்ட காலும் முதலில்.