தேடுபொறியில் ஒரு பக்கம் முன்னிற்பதும் பின்தங்குவதும்

அறிவைத் திரட்டுவது ஒரு பணி. அதனை வேண்டுபவர் கைக்குக் கொண்டு சேர்ப்பது மற்றொரு பணி. ஆராய்ச்சி நிலையங்களும் அரசுத் துறைகளும் இன்று தம் முடிவுகளைப் பெரும்பாலும் இணையதளங்களின் வாயிலாகவே வெளியிடுகின்றன. ஆயினும், வெளியிடப்பட்டது என்பதனாலேயே ஒரு செய்தி படிக்கப்பட்டதாகிவிடாது. தேடுபவர் சில சொற்களைத் தேடுபொறியில் இடுகிறார். அது பல்லாயிரம் பக்கங்களை ஒரு வரிசையில் நிறுத்திக் காட்டுகிறது. முதலில் தென்படும் சிலவற்றைத் திறந்து பார்ப்பதோடு பெரும்பாலோர் அமைந்துவிடுகின்றனர். வரிசையின் அடியில் கிடக்கும் பக்கம், நூலகத்தின் அட்டவணையில் ஏறாத நூலைப் போன்றது. அது இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

இதன் விளைவு எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழு 2018-ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, விரைவிலேயே தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களுக்குப் பரவியது. புழு இளம் பருவத்தில் இருக்கும்போது தெளிக்கப்படும் மருந்து பயன் தரும். அது வளர்ந்து குருத்தினுள் புகுந்த பின்னர் மருந்து அதனை எட்டுவது கடினம். இடையிலுள்ள சில நாட்களில் உழவர் ஒருவர் தம் கைப்பேசியில் தேடுவாரானால், வேளாண் நிலையத்தின் அறிவுரை அவர் கண்முன் நிற்குமா, அன்றி மருந்து விற்பவரின் விளம்பரப் பக்கம் நிற்குமா என்பது சிறிய வினா அன்று. அவ்வரிசை எவ்வாறு அமைகிறது என்பதையும், ‘எஸ்.ஈ.ஓ.’ என்று வழக்கில் குறிக்கப்படும் தேடுபொறி உகப்பாக்கம் அதனை எவ்வளவு மாற்றவல்லது என்பதையும் பணியாளர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் நலம்.

சேகரித்தலும் அடைவு செய்தலும்

வினா இடப்பட்ட பின்னர்தான் தேடுபொறி இணையம் முழுவதையும் துழாவுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. தேடுபொறியின் நிரல்கள் இடையறாது ஒரு பக்கத்திலிருந்து அதிலுள்ள இணைப்புகளின் வழியே அடுத்த பக்கத்திற்குச் சென்று, ஆங்காங்குள்ள எழுத்தைச் சேகரித்துக் கொண்டே இருக்கின்றன. சேகரிக்கப்பட்டவற்றிலிருந்து ஓர் அடைவு ஆக்கப்படுகிறது. பாடநூலின் இறுதியிலுள்ள சொல்லடைவு, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பக்கங்களில் உள்ளது என்று காட்டுவது போலவே, இவ்வடைவும் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது வரும் இணையப் பக்கங்களைக் குறித்து வைத்துள்ளது. வினா வந்தவுடன் பொறி பார்ப்பது இந்த அடைவையே.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லாத ஒரு பக்கத்தை நிரல் எளிதில் சென்றடையாது. இக்குறையை நீக்கும் பொருட்டே தளத்திலுள்ள பக்கங்களின் பட்டியலைத் தேடுபொறிக்கு அளிக்கும் ‘தள வரைபடம்’ என்னும் முறை 2005-ஆம் ஆண்டில் புகுத்தப்பட்டது. இரண்டாவதாக, எழுத்தாகப் படிக்க இயலாதது அடைவில் ஏறாது. அடைவில் ஏறாத பக்கத்திற்கு வரிசையில் இடம் என்ற பேச்சுக்கே வழியில்லை.

சொற்களின் நிறை

அடைவில் கிடைத்த பக்கங்களுள் எது வினாவுக்கு அதிகப் பொருத்தமானது என்று காண்பது அடுத்த படி. ஒரு கட்டுரையில் மீண்டும் மீண்டும் வரும் சொற்கள் அதன் பொருளைச் சுட்டும் என்னும் கருத்தை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1957-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1972-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் விஞ்ஞானி காரென் ஸ்பார்க் ஜோன்ஸ் இதற்கு இன்றியமையாத திருத்தம் ஒன்றைச் சேர்த்தார். எல்லாக் கட்டுரைகளிலும் வரும் சொல்லுக்குப் பிரித்தறியும் ஆற்றல் குறைவு. சிலவற்றில் மட்டுமே வரும் சொல்லுக்கு அவ்வாற்றல் மிகுதி என்பது அவர் காட்டிய உண்மை.

வேளாண்மை பற்றிய ஆயிரம் பக்கங்கள் உள்ளன என்று கொள்வோம். ‘பயிர்’ என்னும் சொல் அவற்றுள் 800 பக்கங்களிலும், ‘படைப்புழு’ என்னும் சொல் 5 பக்கங்களில் மட்டுமே வருவதாயின், இரண்டாவது சொல்லே வினாவின் உட்கருத்தைத் தெளிவாகக் காட்டும். ஆகவே அதற்கு அதிக நிறை அளிக்கப்படுகிறது. அச்சொல் பக்கத்தின் தலைப்பிலும் உட்தலைப்புகளிலும் இடம் பெறுமாயின் பொருத்தம் மேலும் உறுதிப்படும்.

இணைப்புகளின் மதிப்பு

சொற்பொருத்தம் மட்டும் போதுமானதன்று; ஒரே பொருள் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கக்கூடும். அவற்றுள் எது மதிக்கத்தக்கது என்று காண, விஞ்ஞான உலகில் முன்பே கையாளப்பட்ட ஒரு முறை வழிகாட்டியது. எந்த ஆராய்ச்சிக் கட்டுரையை எந்தெந்தக் கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன என்று தொகுக்கும் விஞ்ஞான மேற்கோள் அடைவை அமெரிக்கரான யூஜீன் கார்பீல்டு 1960-களில் வெளியிட்டார். ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களாயிருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகிய இருவரும் மேற்கோள் பற்றிய இக்கருத்தை இணையத்திற்குப் பொருத்தி, ‘பேஜ்ராங்க்’ என்னும் கணக்கை அமைத்தனர். 1998-ஆம் ஆண்டில் அவர்கள் தொடங்கிய கூகிள் நிறுவனத்திற்கு இதுவே அடித்தளமாயிற்று.

ஒரு பக்கம் மற்றொன்றுக்கு அளிக்கும் இணைப்பு, ஒரு வகைப் பரிந்துரை ஆகும். ஆனால் எல்லாப் பரிந்துரைகளும் சமமானவை அல்ல. அளிப்பவரின் மதிப்பு, அவர் அளிக்கும் இணைப்புகளுக்கிடையே பங்கிடப்படுகிறது. 90 மதிப்புடைய ஒரு பக்கம் மூன்று பக்கங்களுக்கு இணைப்பு அளித்தால், ஒவ்வொன்றுக்கும் 30 கிடைக்கும். 20 மதிப்புடைய வேறொரு பக்கம் ஒரே ஒரு பக்கத்திற்கு இணைப்பு அளித்தால், அதற்கு 20 முழுமையாகக் கிடைக்கும். முதற்பக்கமே 90 பக்கங்களுக்கு இணைப்பு அளிக்குமாயின் ஒவ்வொன்றுக்கும் 1 மட்டுமே எஞ்சும். எவரையும் மறுக்காமல் நற்சான்று வழங்குபவரின் சான்றுக்கு மதிப்புக் குறைவதைப் போன்றதே இது.

அளிப்பவரின் மதிப்பும் பிறர் அவருக்கு அளிக்கும் இணைப்புகளைச் சார்ந்தது. எனவே இக்கணக்கு ஒரே முறையில் முடிவதில்லை. மதிப்புகள் நிலைபெறும் வரை திரும்பத் திரும்பச் செய்யப்படுகிறது. இணைப்புகளைப் பின்பற்றிச் செல்லும் வாசகர் இடையில் சலிப்புற்று வேறொரு பக்கத்திற்குத் தாவுதலும் உண்டு. இதனைக் கருதி, நூற்றுக்கு 85 முறை இணைப்பு வழியும் 15 முறை தாவுதலும் நிகழ்வதாக மூலக் கணக்கில் கொள்ளப்பட்டது. வகுப்பில் நான்கைந்து மாணவர்களைப் பக்கங்களாக நிறுத்தி, நூல்களால் இணைத்து, சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பங்கிட்டுக் கொள்ளச் செய்து இக்கணக்கை ஆசிரியர்கள் எளிதில் விளக்கலாம்.

இன்றைய தேடுபொறிகள் இவ்விரண்டோடு வேறு பல குறிகளையும் சேர்த்துப் பார்க்கின்றன. தேடுபவர் இருக்கும் இடம், பக்கம் கைப்பேசியில் சரியாகத் தெரிகிறதா என்பது, அது விரைவில் திறக்கிறதா என்பது ஆகியவை அவற்றுட் சில. 2019-ஆம் ஆண்டு முதல் சொற்றொடரின் பொருளை உணர முயலும் மொழி மாதிரிகளும் கூகிளில் பயன்படுகின்றன. முழுமையான வரிசைச் சூத்திரத்தை எந்த நிறுவனமும் வெளியிடுவதில்லை.

நேர்மையான உகப்பாக்கம்

இப்பின்னணியில் நோக்கின், உகப்பாக்கம் என்பது மாயவித்தை அன்று என்பது விளங்கும். பக்கத்தின் பொருளை எவ்வித ஐயமுமின்றி வெளிப்படுத்துவதே அதன் சாரம். படைப்புழு பற்றிய அறிவுரை ஒன்றை ‘சுற்றறிக்கை’ என்று மட்டும் தலைப்பிட்டு, அதன் எண்ணையும் தேதியையும் குறித்து வெளியிடுதல் அலுவலகக் கோப்புக்குப் பொருந்தும், தேடுபவருக்குப் பொருந்தாது. ‘மக்காச்சோளத்தில் படைப்புழு: அடையாளமும் கட்டுப்படுத்தும் முறையும்’ என்னும் தலைப்பு அப்பக்கத்தின் நிலையை மாற்றவல்லது. பூச்சியின் விஞ்ஞானப் பெயரோடு ‘குருத்தில் புழு’, ‘இலையில் ஓட்டை’ என்று உழவர் வழங்கும் சொற்களும் கட்டுரையில் இயல்பாக இடம் பெறுதல் வேண்டும். ஏனெனில் தேடுபவர் தாம் கண்ட அறிகுறியைக் கொண்டே தேடுகிறார். நிபுணர் இட்ட பெயரைக் கொண்டு அன்று.

படங்களுக்குச் சொல் விளக்கம் சேர்த்தல், ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் என்று அமைத்தல், தொடர்புடைய பக்கங்களை ஒன்றோடொன்று இணைத்தல், வெளியிட்ட நாளையும் திருத்திய நாளையும் குறித்தல் ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவையே. தேசியத் தகவலியல் மையம் 2009-ஆம் ஆண்டில் முதன்முறையாக வெளியிட்ட அரசு இணையதள வழிகாட்டு நெறிகளிலும் படங்களுக்கு மாற்று விளக்கம் தருதல் போன்ற விதிகள் உள்ளன. கண்பார்வையற்றோருக்கு உதவும் அவ்விளக்கமே தேடுபொறிக்கும் உதவுகிறது. இதற்கு மாறாக, பக்கத்தின் மறைவான பகுதியில் குறிச்சொற்களை அடுக்கும் பழைய வழக்கத்தால் பயன் இல்லை. வரிசைப்படுத்த அவற்றைக் கருதுவதில்லை என்று கூகிள் 2009-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

இந்திய மொழிப் பக்கங்களின் இடர்கள்

இந்திய மொழிகளில் நல்ல செய்திகள் பல மறைந்து கிடப்பதற்குச் சில தனிக் காரணங்கள் உண்டு. தட்டச்சு செய்து கையொப்பமிட்ட தாளைப் படமாக எடுத்து வெளியிடுதல் அவற்றுள் முதலாவது. படத்திலுள்ள எழுத்தைப் பிரித்தறியத் தேடுபொறிகள் முயல்கின்றன எனினும், மங்கிய அச்சிலும் சாய்ந்த தாளிலும் பிழைகள் மலிகின்றன. இரண்டாவது, பழைய எழுத்துருக்கள். ஹிந்தியில் கிருதிதேவ், தமிழில் பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்த பக்கம் மனிதர் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றலாம். கணிப்பொறிக்கோ அது பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் கோவையே. யூனிகோடு முறையில் எழுதப்பட்டால் மட்டுமே எழுத்து எழுத்தாக அறியப்படும்.

மூன்றாவது, மொழியின் இயல்பு. ‘மரம்’ என்னும் சொல் ‘மரத்தை’, ‘மரங்களில்’, ‘மரத்திலிருந்து’ என்று உருமாறுகிறது. இவை அனைத்தும் ஒரே சொல்லின் வடிவங்கள் என்பதைப் பொறி அறிதல் எளிதன்று. எனவே தலைப்பிலும் தொடக்க வரிகளிலும் முதன்மைச் சொல் வேற்றுமை ஏற்காத வடிவில் ஓரிடத்திலாயினும் வருதல் நலம்.

குறுக்கு வழிகளும் அவற்றின் முடிவும்

இணைப்பும் சொல்லும் வரிசையை நிர்ணயிக்கின்றன என்று அறிந்தவுடன், அவற்றைப் போலியாகப் பெருக்கும் முயற்சிகளும் தோன்றின. வெண்ணிறப் பின்னணியில் வெண்ணிற எழுத்தாகச் சொற்களை நிரப்புதல், விலை கொடுத்து இணைப்பு வாங்குதல், பொறிக்கு ஒரு பக்கத்தையும் வாசகருக்கு வேறொன்றையும் காட்டுதல் ஆகியவை இவ்வகையின. 2006-ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஜெர்மன் தளம் இம்மூன்றாவது முறையைக் கையாண்டமைக்காகக் கூகிள் அடைவிலிருந்து சில நாட்கள் நீக்கப்பட்டது. அமெரிக்க வணிக நிறுவனமாகிய ஜே.சி.பென்னிக்கு ஆதரவாகத் தொடர்பற்ற பல தளங்களில் இணைப்புகள் இடப்பட்டிருந்தமை 2011-ஆம் ஆண்டில் செய்தித்தாளில் வெளிவந்தபோது, அதன் பக்கங்கள் வரிசையில் வெகுவாகக் கீழிறக்கப்பட்டன. சாரமற்ற பக்கங்களைத் தாழ்த்தும் ‘பாண்டா’ திருத்தம் 2011-ஆம் ஆண்டிலும், போலி இணைப்புகளைத் தாக்கும் ‘பென்குவின்’ திருத்தம் 2012-ஆம் ஆண்டிலும் கூகிளில் புகுத்தப்பட்டன. குறுக்கு வழி சில காலம் பலன் தரலாம். பிடிபட்டால் முன்பிருந்த இடமும் பறிபோகும்.

வரிசை உண்மைக்குச் சான்றாகுமா?

ஒரு பக்கம் முதலிடத்தில் இருப்பது அது உண்மை என்பதற்குச் சான்றாகாது. இணைப்பு செல்வாக்கை அளக்கிறது, மெய்மையை அளப்பதில்லை. 2003-ஆம் ஆண்டில் பலர் கூடித் திட்டமிட்டு இணைப்பளித்ததன் விளைவாக, ‘படுதோல்வி’ என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரைத் தேடியவர்களுக்கு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்பு முதலிடத்தில் தோன்றியது. அது கேலியாயிற்று, பிற இடங்களில் இதே நிலை இழப்பாக முடிகிறது. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிப்போரை ஏமாற்றிக் கட்டணம் பெறும் போலித் தளங்களைப் பற்றி மத்திய வெளியுறவு அமைச்சகம் பொதுமக்களை எச்சரித்துள்ளது. விலை கொடுத்து மேலே வைக்கப்படும் விளம்பரங்களும் அவசரத்தில் தேடுபவருக்குத் தேடல் முடிவுகளாகவே தோன்றுகின்றன. இப்பொழுது செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கங்களும் முடிவுகளின் தலையில் இடம் பெறுகின்றன. அவையும் இணையப் பக்கங்களையே ஆதாரமாகக் கொள்வதால், மூலத்தில் நல்ல பக்கம் மறைந்திருப்பின் சுருக்கமும் குறைபடும்.

பணியாளர்களும் ஆசிரியர்களும் செய்யத்தக்கவை

இணையதளத்தை அமைப்பது வேறொருவர் பொறுப்பாயினும், அதன் நிலையை உயர்த்துவதில் களப்பணியாளருக்குப் பங்குண்டு. மக்கள் எந்தச் சொற்களால் தம் இடரைக் கூறுகின்றனர் என்பதை அவரே நேரில் கேட்கிறார். அச்சொற்களைக் குறித்து வைத்துத் தலைமை அலுவலகத்திற்கு அனுப்புவது மிகுந்த பயன் தரும். தம் துறையின் அறிவுரையை அச்சொற்களைக் கொண்டு அவ்வப்போது தேடிப் பார்த்து, அது எங்கு நிற்கிறது என்று அறிதலும் வேண்டும். தேடல் முடிவு இடத்திற்கும் ஆளுக்கும் ஏற்ப மாறக்கூடும் என்பதால், வேறொருவர் கைப்பேசியிலும் இதனைச் சோதித்தல் நன்று.

ஒரு நல்ல அறிவுரையைப் பிறருக்கு அனுப்பும்போது அதன் படத்தை அனுப்புவதைக் காட்டிலும் மூலப் பக்கத்தின் முகவரியை அனுப்புதல் மேலானது. படிப்பவர் பின்னர் வந்த திருத்தங்களையும் அதன் வழியே காண்பார். பள்ளிகளும் ஊராட்சிகளும் தத்தம் தளங்களில் அதே செய்தியை நகலெடுத்து வெளியிடுவதற்கு மாற்றாக மூலத்திற்கு இணைப்பு அளித்தல் வேண்டும். ஒத்த நகல்கள் பல இருப்பின் தேடுபொறி அவற்றுள் ஒன்றையே பெரும்பாலும் தெரிந்தெடுக்கிறது. அது திருத்தப்படாத பழைய நகலாகவும் இருந்துவிடலாம்.

ஆசிரியர்களின் கடமை இதன் மறுபுறம். முதலில் தோன்றுவதை அப்படியே ஏற்காமல், வெளியிட்டவர் யார், வெளியிட்ட நாள் எது, அது விளம்பரமா, வேறு நம்பத்தக்க இடத்தில் அதே செய்தி உள்ளதா என்னும் நான்கு வினாக்களை எழுப்ப மாணவரைப் பழக்குதல் வேண்டும். நல்ல செய்தியைத் தேடுபவர் கண்ணில் படும்படி வெளியிடும் நிலையமும், கண்ணில் பட்டதை ஆராய்ந்து ஏற்கும் வாசகரும் அமைந்தால், வயலில் நிற்கும் உழவருக்கு உரிய அறிவுரை உரிய காலத்தில் கிட்டும்.