உஷார்! மேடை ஏறும் முன் வரைபடத்தைப் பூட்டுங்கள்

விண்வெளி ஸ்டார்ட்அப் போட்டிக்கு விண்ணப்பிக்கிறீர்களா? உங்கள் வீட்டுப் பிள்ளை விண்ணப்பிக்கிறானா? கொஞ்சம் நில்லுங்கள். 'சப்மிட்' பட்டனில் கை வைக்காதீர்கள்.

கோவைப் பக்கத்து இளைஞர்கள் சிலர். பெயர் வேண்டாம், பாவம். சின்னச் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நகர்த்தும் உந்துபொறிக்கு ஒரு வால்வு செய்தார்கள். அருமையான வேலை. புதுக் கம்பெனிகளை வளர்த்துவிடும் ஓர் ஆக்சிலரேட்டர் அமைப்பின் போட்டியில் இறுதிச்சுற்று வரை வந்தார்கள். நடுவர்களை அசத்த வேண்டுமே! வால்வின் வெட்டுத்தோற்றத்தையே திரையில் போட்டுக் காட்டிவிட்டார்கள். நிகழ்ச்சி யூட்யூபில் நேரலை. கைதட்டல், பூங்கொத்து, ஆள் உயரக் காசோலை.

பிறகு காப்புரிமை வாங்கப் போனார்கள். வழக்கறிஞர் வீடியோவைப் பார்த்தார். "உலகத்துக்கே காட்டிட்டீங்களே தம்பி!"

முடிந்தது கதை. விண்ணப்பிக்கும் முன்பே வெளியே தெரிந்துவிட்டால், நம் சட்டப்படி அது புதிய கண்டுபிடிப்பு ஆகாது. அரசு அறிவித்த கண்காட்சி போன்ற சில விலக்குகள் உண்டு. தனியார் போட்டி மேடை அதில் சேராது.

அந்தக் காசோலை? பாதிக்கு மேல் கிளவுட் கிரெடிட்டும் 'மென்டர் நேரமும்'. மீதிப் பணத்துக்கு அமைப்பாளர்கள் கம்பெனியில் பங்கு கேட்டார்கள்! மேடையில் பரிசு என்றது, ஒப்பந்தத்தில் முதலீடு ஆகியிருந்தது. பங்கு கேட்பதே தப்பு என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் டெக்ஸ்டார்ஸ் ஆக்சிலரேட்டர் பல ஆண்டுகள் 20,000 டாலருக்கு 6 சதவீதம் என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் வாங்கியது. சொல்லிவிட்டு வாங்குவது வியாபாரம். விதிமுறையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளிப்பவர்களிடம்தான் எனக்குப் பயம்.

பரிசுப் பணத்தை நம்பிக் கடன் வாங்குகிறவர்களே, கூகுள் லூனார் எக்ஸ் பிரைஸை மறக்காதீர்கள். நிலவில் தனியார் ஊர்தியை இறக்கும் போட்டி அது. 2007-ல் அறிவித்தார்கள். மொத்தம் 3 கோடி டாலர். கெடுவைத் தள்ளித் தள்ளி வைத்து, 2018 மார்ச்சில் முடித்துவிட்டார்கள். முதல் பரிசு யாருக்கும் இல்லை! நம் பெங்களூரு டீம்இண்டஸ் 2015-ல் 10 லட்சம் டாலர் இடைநிலைப் பரிசு வாங்கிய அணி. அவர்களாலேயே கெடுவுக்குள் நிலவுக்குக் கிளம்ப முடியவில்லை.

எப்போது சுதாரிக்க வேண்டும்? விண்ணப்பத்துக்கே பெரிய கட்டணம் கேட்டால். 'தேர்வாகிவிட்டீர்கள், இன்றே கையெழுத்துப் போடுங்கள்' என்று அவசரப்படுத்தினால். 'சமர்ப்பித்தவை அனைத்தும் அமைப்பாளருக்கே சொந்தம்' என்று ஒரு வரி இருந்தால், ஓடிவிடுங்கள்! 'ஏவுவதற்கு அனுமதி நாங்களே தருவோம்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். அதைத் தருவது ஆமதாபாத்தில் இருக்கும் மத்திய அரசின் இன்ஸ்பேஸ் அமைப்பு.

வெளிநாட்டுப் போட்டியா? வயிற்றைக் கலக்குகிறது. ராக்கெட்டுக்கும் ஏவுகணைக்கும் தொழில்நுட்பத்தில் பெரிய தூரமில்லை. அதனால்தான் மத்திய அரசு 'ஸ்கோமெட்' என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல் வைத்திருக்கிறது. பெட்டியில் கட்டி அனுப்பினால்தான் ஏற்றுமதி என்று நினைக்காதீர்கள். பட்டியலில் உள்ள பொருளின் வரைபடத்தை வெளிநாட்டு நடுவருக்கு மெயிலில் அனுப்புவதும் ஏற்றுமதிதான்! லைசென்ஸ் இல்லாமல் அனுப்பினால் விவகாரம் அபராதத்தோடு நிற்காது, ஜெயில் வரை போகலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது. கல்லூரியிலும் யாரும் சொல்லித் தருவதில்லை.

கடைசித் தேதி நெருங்கிவிட்டதா? முதலில் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போடுங்கள். தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் ஆன்லைனில் கட்டணம் 1,600 ரூபாய்தான். முழு விவரம் கொடுக்க 12 மாதம் அவகாசம் உண்டு. சென்னை கிண்டியிலேயே காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. விண்ணப்ப எண் கைக்கு வந்தபின் மேடைக்குப் போங்கள். அப்போதும் உங்கள் கருவி என்ன செய்யும் என்பதை மட்டும் சொல்லுங்கள். எப்படிச் செய்யும் என்று நடுவர் துருவினால், "ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டுவிட்டுப் பேசலாம் சார்" என்று சொல்லுங்கள். விவரம் தெரிந்த நடுவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.