விதி மாறியது, உரை மாறவில்லை
கணினிக் காவலும் அதன் கையேடும்

நூற்பாவும் உரையும் சேர்ந்தே ஒரு நூல் பயன்படுகின்றது என்பதைத் தமிழாசிரியர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியத்திற்கு இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் உரை கண்டனர். அங்கே நூற்பா நிலைத்து நின்றது. உரைகள் காலத்திற்கேற்ப வேறுபட்டன. கணினித் துறையிலோ இது தலைகீழாக நடக்கின்றது. விதி ஓயாமல் மாறுகின்றது. முன்னொரு நாள் அதற்கு எழுதிய உரை, அதாவது கையேடு, எழுதியபடியே கிடக்கின்றது. இயங்குதளத்தின் காவல் விதிகளைப் பற்றிய கையேடு இவ்வாறு பழசாகிவிட்டால், அதனை நம்பி நடப்பவர் தம் கையாலேயே கதவைத் திறந்து வைத்தவர் ஆவார். இஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை லினக்ஸ் இயங்குதளத்தை வைத்துக் காண்போம்.

முதலில் காவலின் இரு வகையை அறிதல் வேண்டும். ஒரு பள்ளியில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஓர் அலமாரி உண்டு. அதன் சாவியை அவர் தாம் விரும்பியவரிடம் கொடுக்கலாம். தலைமையாசிரியரிடம் எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் சாவி இருக்கின்றது. யூனிக்ஸ் மரபில் வந்த இயங்குதளங்களின் பழைய முறை இதுவே. கோப்புக்கு உரியவர், அதனை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்று தாமே முடிவு செய்வார். ‘ரூட்’ எனப்படும் தலைமைப் பயனருக்குத் தடையே இல்லை. இதனை விருப்பவழிக் கட்டுப்பாடு எனலாம். இதில் உள்ள குறை வெளிப்படை. ரூட் உரிமையோடு இயங்கும் நிரல் ஒன்றில் ஓட்டை கண்டு கள்வன் நுழைந்துவிட்டால், எல்லா அறைகளும் அவனுடையவையே.

இனி, அதே பள்ளியின் வாரியம் ஒரு பட்டியல் எழுதி வாயிற்காவலரிடம் தருகின்றது என்று கொள்வோம். சிற்றுண்டிச்சாலைப் பணியாளர் தேர்வுத்தாள் அறைக்குள் செல்லக்கூடாது. யாரேனும் சாவியைக் கொடுத்திருந்தாலும் செல்லக்கூடாது. சாவியும் வேண்டும், பட்டியலில் இடமும் வேண்டும். இதுவே கட்டாயக் கட்டுப்பாடு. லினக்ஸில் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு எஸ்.இ.லினக்ஸ் ஆகும். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகவை இதனை 2000 டிசம்பரில் மூலநிரலுடன் பொதுவில் வெளியிட்டது. 2003இல் இது லினக்ஸின் கருவிலேயே சேர்ந்துவிட்டது. வாசகர் கையில் ஆண்ட்ராய்டு கைபேசி இருக்குமானால், அதனுள்ளும் இக்காவலரே நிற்கின்றார். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதல் அங்கே அவர் முழு அதிகாரத்தோடு இருக்கின்றார்.

இக்காவலர் ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை, சீட்டைப் பார்க்கின்றார். ஒவ்வொரு நிரலுக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். தொழிலில் இதனை லேபிள் என்பர். இன்ன சீட்டுடைய நிரல் இன்ன சீட்டுடைய கோப்பைப் படிக்கலாம் என்பதே விதி. விதியில் சொல்லாதது எதுவும் அனுமதி இல்லை.

இனிக் கையேட்டுக்கு வருவோம். இணையப் பக்கங்களை வழங்கும் சர்வர் ஒன்றுக்காக ஒருவர் தம் வீட்டு அடைவில் ஒரு கோப்பை எழுதி, பிறகு அதனைச் சர்வரின் அடைவுக்கு நகர்த்துகின்றார். நகர்த்தப்பட்ட கோப்பு தன் பழைய சீட்டோடேயே செல்லும். படியெடுத்திருந்தால் புதிய இடத்தின் சீட்டைப் பெற்றிருக்கும். இந்த நுணுக்கம் அவருக்குத் தெரியாது. அனுமதிகள் யாவும் சரியாக இருந்தும் பக்கம் திறக்கவில்லை. அவர் கையிலுள்ள குறிப்போ, ‘சிகான் என்னும் கட்டளையால் சீட்டை மாற்றுக’ என்கின்றது. மாற்றுகின்றார், பக்கம் திறக்கின்றது, குறிப்பை வாழ்த்துகின்றார். சில திங்கள் கழித்து வேறொருவர் சீட்டுகளையெல்லாம் விதிப்படி திரும்ப ஒட்டும் ‘ரெஸ்டோர்கான்’ கட்டளையை இயக்குகின்றார். அந்த அடைவு விதிப் பட்டியலில் சர்வருக்கு உரியதாக எழுதப்படாததாயின், பக்கம் மீண்டும் மறைகின்றது. சிகான் கோப்பின் மேலிருந்த சீட்டை மாற்றியதேயன்றிப் பட்டியலைத் திருத்தவில்லை. ‘செமனேஜ்’ கட்டளையால் முதலில் பட்டியலில் எழுதிவிட்டு, அதன்பின் ரெஸ்டோர்கானை இயக்குவதே நிலையான வழி. முந்தைய குறிப்பு பொய் சொல்லவில்லை, பாதி சொன்னது. பாதி சொன்ன உரை, பொய்யான உரையைக் காட்டிலும் நெடுநாள் உயிர் வாழும். ஏனெனில் முதல் நாள் அது பலிக்கின்றது.

இதனினும் பெரிய கேடு, ‘இடையூறு செய்தால் எஸ்.இ.லினக்ஸை அணைத்துவிடுக’ என்னும் அறிவுரை. இதனை எழுதியவர்களை நான் முற்றாகப் பழிக்கமாட்டேன். 2004 மே மாதம் வந்த பெடோரா கோர் இரண்டாம் பதிப்பில் விதிகள் மிகக் கடுமையாக இருந்தன. அன்றாட நிரல்களே தடுமாறின. ஆதலால் அதனை வெளியிட்டவர்களே காவலை அணைத்த நிலையில்தான் தந்தனர். ஆனால் அவ்வாண்டு நவம்பரிலேயே வந்த மூன்றாம் பதிப்பில், தாக்குதலுக்கு இலக்காகும் குறிப்பிட்ட சில சர்வர் நிரல்களை மட்டும் கட்டுப்படுத்தும் இலகுவான விதித்தொகுதி அமைந்தது. காவலும் இயல்பாகவே இயங்கும் நிலையில் வந்தது. அறிவுரைக்குக் காரணமாக இருந்த குறை ஆறு மாதத்தில் நீங்கிற்று. அறிவுரையோ ஒருவர் எழுதியதை மற்றொருவர் பார்த்து எழுதி, ஆண்டுகள் பல கடந்தும் நிறுவல் குறிப்புகளில் தொடர்ந்தது.

அணைக்கும் வழியும் பின்னர் மாறிற்று. அமைப்புக் கோப்பில் ‘டிசேபிள்ட்’ என்று ஒரு சொல் எழுதினால் போதும் என்பது பழைய பாடம். கணினி எழுந்த பிறகு காவலரைக் கழற்றிவிட வேண்டுமாயின், லினக்ஸ் கருவில் காவல் பொருத்தப்படும் கொக்கிகள் பின்னரும் மாற்றத்தக்கனவாக இருத்தல் வேண்டும். நமக்கு மாற்றத்தக்கது கள்வனுக்கும் மாற்றத்தக்கதே. ஆகவே அவ்வழியை அடைத்தனர். 2022இல் வந்த ரெட் ஹாட் ஒன்பதாம் பதிப்பில் அது இல்லை. 2023இல் லினக்ஸ் கருவின் 6.4ஆம் பதிப்பிலிருந்தே நீக்கப்பட்டது. இப்போது அச்சொல்லை எழுதினால், காவலர் வாயிலில் நிற்பார், கையில் பட்டியல் மட்டும் இராது. முழுதும் அணைக்க வேண்டுவோர் கணினி எழும்போதே கருவுக்கு அதனைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். பழைய கையேட்டைப் படித்தவர் தாம் ஒன்று செய்ததாக எண்ணுவார்; கணினியில் நடந்தது வேறொன்று.

கலைச்சொல் ஆக்குவோர்க்கும் ஈண்டு ஒரு பங்கு உண்டு. அமல் நிலைக்கும் அணைத்த நிலைக்கும் இடையே ‘பெர்மிசிவ்’ என்றொரு நிலை இருக்கின்றது. அதில் காவலர் யாரையும் தடுப்பதில்லை. ஆனால் தடுத்திருக்க வேண்டியவரையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். இதனை ‘அனுமதி நிலை’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், காவலே இல்லாத நிலை என மாணவர் கொள்வர். ‘கண்காணிப்பு நிலை’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகின்றது. இந்நிலையின் பயன் அக்குறிப்பேடுதான். பெயரில் அது தோன்ற வேண்டாமா?

அங்ஙனமாயின் கையேட்டைப் புதுப்பிப்பது எப்படி? பழைய வரியை அடித்துவிட்டுப் புதிய வரி எழுதுவது போதாது. ரெட் ஹாட் எட்டாம் பதிப்பில் ஓடும் கணினிகள் இன்றும் உள்ளன. அவற்றுக்குப் பழைய வரியே சரி. நல்ல உரையாசிரியர் பாடவேறுபாட்டை மறைக்காமல் காட்டுவதுபோல, ‘இன்ன பதிப்பு வரை இவ்வாறு, இன்ன பதிப்பு முதல் இவ்வாறு’ என்று இரண்டையும் நிறுத்துதல் வேண்டும். ஒவ்வொரு கட்டளையின் பக்கத்திலும் அது எந்தப் பதிப்பில், எந்த நாளில் இயக்கிப் பார்க்கப்பட்டது என்பது இருக்கட்டும். அலுவலகத்தில் தாமே சேர்த்த விதி எதுவாயினும், சேர்த்த அன்றே காரணத்தோடு எழுதப்படல் வேண்டும். காரணம் எழுதாத விதியை அடுத்து வருபவர் நீக்கவும் அஞ்சுவார், வைத்திருக்கவும் அஞ்சுவார்.

அணைக்கும் முறையைச் சொல்லும் பக்கத்திலேயே மீண்டும் இயக்கும் முறையும் இருத்தல் வேண்டும். பெரும்பாலான குறிப்புகள் தவறவிடுவது இதனைத்தான். காவல் அணைந்திருந்த காலத்தில் பிறந்த கோப்புகளுக்குச் சீட்டே இராது. நேரே அமல் நிலைக்குத் தாவினால் கணினி எழாமலே போகலாம். முதலில் கண்காணிப்பு நிலையில் எழுப்பி, எல்லாக் கோப்புகளுக்கும் சீட்டு ஒட்டச் செய்து, குறிப்பேட்டில் புதிய மறுப்புகள் இல்லை என்று கண்ட பிறகே அமல் நிலைக்கு மாற்றுதல் வேண்டும். கோப்புகள் மிகுந்த கணினியில் சீட்டு ஒட்டும் பணி நெடுநேரம் பிடிக்கும்; கணினி நின்றுவிட்டதோ என்று அஞ்சி இடையில் மின்சாரத்தை நிறுத்திவிடக்கூடாது என்பதையும் அப்பக்கத்திலேயே எழுதி வைக்கலாம்.